தவிட்டோடு போகும் சத்து

சோற்றின் பெரும்பகுதி மாவுச்சத்து. உமிழ்நீரிலும் சிறுகுடலிலும் உள்ள நொதிகள் அதைக் குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாக உடைக்க, அது இரத்தத்தில் கலந்து உடலின் செல்களைச் சென்றடைகிறது. ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றல் தரும் என்பது பாடநூல் கணக்கு. ஆனால் செல்லுக்குள் நுழைந்த குளுக்கோஸ் தானாகவே ஆற்றலாகிவிடுவதில்லை. அது முதலில் பைருவேட் என்ற பொருளாகச் சிதைந்து, பின்னர் செல்லின் உலைக்களமான மைட்டோகாண்ட்ரியாவில் எரிந்தாக வேண்டும். இந்த எரிப்பு தொடங்குவதற்கு, நொதிக்குத் துணைநிற்கும் தயமின், அதாவது பி1 உயிர்ச்சத்து, இன்றியமையாதது. நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்றே கூடுதலாகத்தான் அது தேவைப்படுகிறது என்றாலும், உடலில் அதன் இருப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. இருப்பு தீர்ந்தால், ஓயாமல் ஆற்றலைச் செலவிடும் நரம்பும் இதயமும் முதலில் தளர்கின்றன. கால் மரத்து, உடல் வீங்கி, மூச்சிரைக்கும் இந்நோயே பெரிபெரி.

வயிறு நிறையச் சோறு உண்டவர்களையே இந்நோய் தாக்கியதுதான் மருத்துவர்களைக் குழப்பியது. டச்சு ஆட்சியின்கீழ் இருந்த பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிறித்தியான் எய்க்மான் தம் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறே அவற்றுக்கு இரையாகியிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் படைக்குரிய சோற்றைக் கோழிக்குத் தர மறுத்துவிட, தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் தேறின. அரிசியில் ஏதோ நச்சு இருப்பதாகவும் தவிடு அதை முறிப்பதாகவும் எய்க்மான் கருதினார். அது பிழை. தவிட்டோடு போய்விட்ட ஒரு சத்தின் குறைவே நோய்க்குக் காரணம் என்று 1901இல் விளக்கியவர் அவருக்குப்பின் பணியேற்ற கெரிட் கிரைன்ஸ். எனினும் 1929இல் நோபல் பரிசு எய்க்மானுக்கே கிடைத்தது.

நெல்லைப் புழுக்கும் வழக்கம் உள்ள ஊர்களில் இந்த நோய் அரிதாகவே இருந்தது. ஊறவைத்த நெல்லை உமியோடு ஆவியில் வேகவைக்கும்போது, தவிட்டுப் படலத்திலும் முளையிலும் உள்ள தயமின் நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. மாவும் பசைபோல் இறுகி அதைப் பிடித்துக்கொள்வதால், பின்னர் எந்திரத்தில் தவிடு நீங்கினாலும் சத்தின் கணிசமான பங்கு எஞ்சுகிறது. பச்சரிசியைத் தீட்டினாலோ அது தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். பச்சரிசி உண்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி காணப்பட, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பியதைக் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திய ராபர்ட் மெக்காரிசன் போன்றோர் கவனித்தனர். விருந்துக்கு வெள்ளை வெளேரென்ற அரிசியே பெருமை என்று எண்ணிய நாக்கு இதை அறிந்திருக்கவில்லை.

புழுங்கலரிசியையும் சமையலறையில் வீணாக்கலாம். தயமின் நீரில் கரைவது. ஆகவே பலமுறை தேய்த்துக் கழுவும்போது ஒரு பங்கும், வடித்த கஞ்சியில் இன்னொரு பங்கும் வெளியேறுகின்றன. அரிசியை ஓரிரு முறை அலசினால் போதும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டுக் குடிக்கலாம், ரசத்திலும் சேர்க்கலாம்.