உங்களுக்குத் தெரியுமா? விரிசலுக்கு 20 நாள் கெடு!

2018 ஏப்ரல் 17. நியூயார்க்கிலிருந்து டாலஸ் போய்க்கொண்டிருந்த சவுத்வெஸ்ட் போயிங் 737 விமானத்தின் இடப்பக்க இன்ஜினில் விசிறித் தகடு ஒன்று நடுவானில் முறிந்தது. இன்ஜின் உறையின் துண்டு பட்டு ஜன்னல் உடைந்ததில் பெண் பயணி ஒருவர் உயிரிழந்தார். விமானி டாமி ஜோ ஷல்ட்ஸ் பிலடெல்பியாவில் விமானத்தைத் தரையிறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார்.

தகடு முறிந்தது அடிப்பகுதியில். அந்த இடம் விசிறியின் நடுவட்டுக்குள் செருகியிருப்பதால், வெளியே நின்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விரிசல் தெரியாது. பறக்கப் பறக்க உலோகம் சோர்ந்து விரிசல் நீண்டுகொண்டே போயிருக்கிறது. 2016-லேயே இதே நிறுவனத்தின் இன்னொரு விமானத்தில் இதே வகைத் தகடு முறிந்திருந்தது. இத்தகைய தகடுகளின் சோதனையைக் கட்டாயமாக்கும் வரைவு 2017-லேயே வந்தும், அது ஆணையாவதற்குள் ஓர் உயிர் போய்விட்டது. மனம் ஆறவில்லை.

விபத்து நடந்த மூன்றாம் நாள் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. அவசர ஆணை போட்டது: 30,000 தடவையோ அதற்கு மேலோ பறந்து இறங்கிய, விபத்து விமானத்தில் இருந்த அதே வகை இன்ஜின்களில் 24 தகடுகளையும் 20 நாளுக்குள் மீயொலிக் கருவியால் சோதிக்க வேண்டும். விரிசல் கண்டால், தகட்டை மாற்றாமல் விமானம் கிளம்பக் கூடாது.