உங்களுக்குத் தெரியுமா? முள்ளைச் சூழ்ந்த செல்கள்

நோய் எதிர்ப்புக்கு ரத்தக்குழாய்கள்கூடக் கட்டாயமில்லை. அதற்குச் சாட்சி நட்சத்திர மீனின் லார்வா. அதன் கரு வளரும்போது, உள்நோக்கி மடியும் குடலின் நுனியிலிருந்து சில செல்கள் கழன்று, உட்குழிக்குள் தனித்தனியே அலையத் தொடங்குகின்றன. 1882இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில் ரஷ்ய விலங்கியலாளர் இல்யா மெச்னிகாஃப், கண்ணாடிபோலத் தெளிந்த லார்வாவுக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் அந்தச் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. லார்வாவுக்கு ரத்தக்குழாயே இல்லை என்பதால், அவை தாமாகவே நகர்ந்துதான் அங்கே போயிருக்க வேண்டும்.

முள்ளை எந்தச் செல்லாலும் விழுங்க முடியாதே, இது வெறும் காயம் ஆற்றும் வேலையாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான ஐயம்தான். ஆனால் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளில் அவர் செய்து 1884இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தீர்த்தது: பூஞ்சை வித்துகளைச் செல்கள் விழுங்கி அழித்தால் தெள்ளு பிழைத்தது, இல்லையேல் மடிந்தது. காப்பது செல்லல்ல, ரத்தநீரிலுள்ள எதிர்ப்பொருள் (antibody) போன்ற பொருள்களே என்றவர்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது. 1908ஆம் ஆண்டு நோபல் பரிசை மெச்னிகாஃப்புடன் எதிர்ப்பொருள் ஆய்வாளர் பால் எர்லிக்கும் பகிர்ந்துகொண்டார். ஆயினும் எதிர்ப்பொருள் முதுகெலும்பிகளுக்கே உரியது. நட்சத்திர மீனிடம் இல்லை. இரண்டு காவல்களில் மூத்தது, விழுங்கும் செல்தான்.