ஒரு செங்கல்லும் மூன்று பொருளும்

அமெரிக்க நாளிதழ்ச் சித்திரத் தொடர்களுள் ஜார்ஜ் ஹெரிமனின் 'கிரேசி கேட்' நுணுகிக் கற்கத்தக்கது. 1913இல் தனித் தொடராகத் தொடங்கிய இது, 1944இல் அவர் மறைந்த ஆண்டிலேயே முடிவுற்றது.

கதை எளியது. கிரேசி என்னும் பூனை இக்னாட்ஸ் என்னும் எலியை நேசிக்கிறது. எலியோ வெறுப்புற்றுப் பூனையின் தலைமீது செங்கல்லை எறிகிறது. பூனை அதனைக் காதற்பரிசாக ஏற்று மகிழ்கிறது. பூனைமீது பரிவுகொண்ட காவலர் பப் என்னும் நாய், எலியைச் சிறையிலிடுகிறார். முப்பது ஆண்டுகளும் தொடரின் அடிப்படை நிகழ்ச்சி இதுவே.

ஒரே செங்கல் எறிவோனுக்குப் பகை, காவலருக்குக் குற்றம், ஏற்கும் பூனைக்கு அன்பு. பொருள் கல்லில் இல்லை, கொள்வோர் உள்ளத்தில் உள்ளது என்பது இதனால் விளங்கும்.

பின்னணியும் நோக்கத்தக்கது. கதை நிகழும் கொக்கோனினோ, அரிசோனா மாநிலத்துப் பாலைநிலப் பகுதி. பாத்திரங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, கட்டத்துக்குக் கட்டம் பாறை மரமாகும், பகல் இரவாகும். நிலத்தையும் பொழுதையும் நம் இலக்கணம் முதற்பொருள் என்னும். ஹெரிமன் அம்முதற்பொருளை நிலையற்றதாக்கி, பூனையின் அன்பாகிய உரிப்பொருளை மட்டும் மாறாது நிறுத்துகிறார்.

பூனையைப் பேதை என நகைப்பது எளிது. எனினும், தன்மீது எறியப்பட்ட வெறுப்பைத் தன்னுள் வெறுப்பாக வளரவிடாத உள்ளத்தைப் பேதைமை என்பது தகுமா? மாணவர் சிந்திக்க வேண்டிய வினா இது.