தாய் தைத்துத் தந்த பாவை

வீடு மந்திரிக்கவும் நோயாளிகளைச் சந்திக்கவும் பல இல்லங்களுக்குச் செல்லும் ஒரு பங்குக் குருவின் கண்ணில் தவறாமல் படும் காட்சி ஒன்று உண்டு. கூடத்துக் கண்ணாடி அலமாரியில், கடையில் சுற்றித் தந்த பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படாமல், பெரிய பிளாஸ்டிக் பொம்மை ஒன்று வீற்றிருக்கும். பொன்னிறக் கூந்தல், நீலக் கண்கள், ரோஜா நிறக் கன்னங்கள். குழந்தை அதைத் தொடப் போனால், "அழுக்காகிவிடும், அங்கேயே இருக்கட்டும்" என்னும் அதட்டல் எழும். அக்குழந்தையோ அடுப்படிக்குச் சென்று, ஒரு மரக்கரண்டியைப் பழந்துணியில் சுற்றி, மடியில் கிடத்தித் தாலாட்டிக்கொண்டிருக்கும்.

இவ்விரண்டில் எது குழந்தையின் பொம்மை? அலமாரியில் இருப்பது பெற்றோரின் பெருமை. மடியில் இருப்பதே குழந்தையின் செல்வம். விலை கொடுத்து வாங்கியதைக் காட்டிலும் கந்தல் துணி சுற்றிய கரண்டி அதற்கு நெருக்கமாக இருக்கிறது என்றால், பெற்றோராகிய நாம் சற்றே சிந்திக்க வேண்டும். ஊசியும் நூலும் பழந்துணியும் இல்லாத வீடு நம்மிடையே இல்லை. அவற்றைக் கொண்டு நம் கையாலேயே குழந்தைக்கு ஒரு பாவை தைத்துத் தருவதைப் பற்றியே இங்கே எழுத விழைகிறோம்.

பழமையான கலை

துணிப் பொம்மை நேற்று முளைத்த ஒன்றன்று. எகிப்து நாட்டின் ஆக்ஸிரிங்கஸ் என்னும் பண்டைய நகரில் கண்டெடுக்கப்பட்ட ஒரு பொம்மை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கி.பி. முதலாம் நூற்றாண்டுக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது அது. சணல்நார் இழையால் நெய்த முரட்டுத் துணியைத் தைத்து, உள்ளே கந்தலையும் பாப்பிரஸ் துண்டுகளையும் அடைத்துச் செய்திருக்கிறார்கள். உரோமைப் பேரரசின் ஆட்சிக் காலத்தில் எவரோ ஒரு குழந்தை அணைத்து உறங்கிய பொம்மை, வறண்ட மணலின் புண்ணியத்தால் மட்காமல் நம் காலம்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

நம் தமிழகத்திலும் சிறுமியர் கோரைப் புல்லைக் கொண்டு பாவை செய்து விளையாடியதைச் சங்க நூல்கள் பைஞ்சாய்ப் பாவை என்று குறிப்பிடுகின்றன. கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையைத் திருவள்ளுவர் உவமையாகக் கையாண்டுள்ளார். மரப்பாச்சியையும் பொம்மலாட்டத்தையும் அறியாத தமிழர் யார்? ஐரோப்பாவில் நூலால் ஆட்டும் பாவைக்கு மரியோனெட் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல் மரியாள் என்னும் பெயரின் செல்ல வடிவத்திலிருந்து தோன்றியது. 'சின்ன மரியம்மாள்' என்று நாம் சொல்வது போன்றதே அது.

துவாலையும் உருளைக்கிழங்கும்

செருமனி நாட்டைச் சேர்ந்த கேத்தே குரூசே என்னும் பெண்மணியின் வரலாறு தாய்மார் யாவரும் அறியத்தக்கது. 1883-ஆம் ஆண்டில் பிறந்த இவர் முதலில் நாடக நடிகையாக இருந்தவர். 1905-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கிய வேளையில், இவருடைய மூத்த மகள் மரியா, தாயின் கையில் தவழும் தன் தங்கையைப் போலவே தனக்கும் ஒரு குழந்தை வேண்டுமெனக் கேட்டாள். தந்தையாகிய மாக்ஸ் குரூசே ஒரு சிற்பி. அந்நாளில் கடைகளில் விற்ற பொம்மைகள் குளிர்ந்து விறைத்தவையாக அவருக்குத் தோன்றின. 'நான் வாங்கித் தரமாட்டேன், நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்று எழுதிவிட்டார்.

கேத்தே மனம் சோர்ந்துவிடவில்லை. ஒரு துவாலையை எடுத்தார். நடுவில் மணலைக் கொட்டி, நான்கு மூலைகளையும் முடிச்சிட்டுக் கைகால்களாக்கினார். ஓர் உருளைக்கிழங்கைத் தலையாக வைத்துக் கட்டி, எரிந்த தீக்குச்சியால் கண்ணும் மூக்கும் வாயும் வரைந்தார். அவ்வளவுதான். அந்தப் பொம்மை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் மரியாவுக்கு அது உயிராக இருந்தது. அதிலிருந்த கனமும், அணைத்தால் குழைந்து படியும் தன்மையுமே குழந்தையைக் கவர்ந்தன என்பதைத் தாய் கண்டுகொண்டார். பின்னர்ப் பல ஆண்டுகள் முயன்று துணிப் பொம்மைகளைச் செம்மைப்படுத்தி, 1910-இல் பெர்லின் நகரப் பேரங்காடி ஒன்றில் நடந்த கண்காட்சியில் வைத்தார். ஆர்டர்கள் குவிந்தன. 1968-இல் அவர் காலமானார். அவர் பெயரால் அமைந்த பொம்மைகள் உலகப் புகழ் பெற்றவை.

அதே நாட்டில் அவருக்கு முன்னரே வாழ்ந்தவர் மார்கரேட்டே ஸ்டைஃப். 1847-இல் பிறந்த இவரை ஒன்றரை வயதிலேயே இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கால்கள் செயலிழந்தன, வலக்கையும் வலுக்குன்றியது. ஆயினும் பிடிவாதமாகத் தையல் கற்றுத் தேர்ந்தார். 1880 வாக்கில் கம்பளித் துணியால் சிறு யானை ஒன்றை ஊசி குத்திவைக்கும் மெத்தையாகத் தைத்தார். பெண்கள் அதில் ஊசி குத்துமுன் குழந்தைகள் பறித்துக்கொண்டு விளையாடத் தொடங்கினர். சக்கர நாற்காலியைவிட்டு எழ இயலாத அப்பெண்மணியின் பட்டறை, காலப்போக்கில் பலருக்கு வேலை தரும் பெருந்தொழிலாக வளர்ந்தது. உடல் ஊனமுற்ற பிள்ளையைப் பெற்று, 'இது எதற்கு உதவும்' என்று ஏங்கும் பெற்றோர் இவரை நினைவில் கொள்வார்களாக.

குழந்தை மனமும் பொம்மையும்

எந்நேரமும் ஒரே கந்தல் பொம்மையையோ போர்வைத் துண்டையோ பற்றிக்கொண்டு, அதைத் துவைக்கக்கூட விடாமல் அழும் குழந்தைகளை நாம் பார்த்திருக்கிறோம். இது கெட்ட பழக்கமன்று. டொனால்ட் வினிகாட் என்னும் ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1951-ஆம் ஆண்டு இதைப் பற்றி விளக்கினார். தாயும் தானும் வேறு என்பதைக் குழந்தை மெல்ல உணரும் பருவத்தில், தாய் அருகில் இல்லாத நேரத்தைத் தாங்கிக்கொள்ள அப்பொருள் துணைபுரிகிறது என்பது அவர் கருத்து. எனவே அதைப் பிடுங்கி எறிவதும், கேலி செய்வதும், தெரியாமல் குப்பையில் போடுவதும் தகாது. வளர வளரக் குழந்தை தானாகவே அதை விட்டுவிடும்.

தாயின் பழம்புடவையில் தைத்த பொம்மைக்கு இதில் தனிச்சிறப்பு உண்டு. குழந்தைக்குப் பழகிய மென்மையும் மணமும் அத்துணியில் இருக்கின்றன. தாயோ தந்தையோ இறந்துபோன வீட்டில், அவர் உடுத்திய சேலையிலோ சட்டையிலோ ஒரு பொம்மை தைத்துக் குழந்தையின் கையில் தருவதும் உண்டு. பெரியோரின் ஆறுதல் மொழிகள் எட்டாத இடத்திற்கு அந்தத் துணி எட்டும்.

முகத்தை எளிமையாக அமைப்பதே நலம். கண்ணுக்கு இரு புள்ளி, வாய்க்கு ஒரு சிறு கோடு போதும். எப்போதும் பல் தெரியச் சிரிக்கும் பொம்மை, குழந்தை அழும்போதும் சிரித்துக்கொண்டேயிருக்கும். எளிய முகமோ, குழந்தை அழுதால் அழும், மகிழ்ந்தால் மகிழும். மீதியைக் குழந்தையின் கற்பனை நிரப்பிக்கொள்ளும்.

பொம்மையின் நிறம்

பலரும் எண்ணிப் பாராத ஒன்றை இங்குக் கூறவேண்டும். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளநூல் அறிஞர்களான தம்பதியர், நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளின் முன்வைத்து, 'எது நல்ல பொம்மை? எதனுடன் விளையாட விருப்பம்?' என்று கேட்டனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே சுட்டிக்காட்டின. இறுதியில், 'உன்னைப் போல் இருப்பது எது?' என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதன. பள்ளிகளில் இனப் பாகுபாடு கூடாதென 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பில் இவர்களுடைய ஆய்வும் எடுத்துக்காட்டப்பட்டது.

நம் நாட்டு நிலை என்ன? 'கறுப்பாய்ப் பிறந்துவிட்டாள், யார் கட்டுவார்' என்று பிள்ளை கேட்கப் பேசும் உறவினர் நம்மிடையே இல்லையா? அதே பிள்ளையின் கையில் பொன்முடியும் வெள்ளைத் தோலுமாய் ஒரு பொம்மையையும் தருகிறோம். அழகு என்பது தன்னிடம் இல்லாத ஒன்று என்று அது கற்றுக்கொள்கிறது. கையால் தைக்கும் தாய்க்கு இந்தத் தடை இல்லை. மாநிறத் துணியை எடுக்கலாம். கருநூலால் இரட்டைப் பின்னல் பின்னலாம். பாவாடையும் தாவணியும் உடுத்தலாம். 'இது உன்னைப்போலவே அழகாக இருக்கிறது' என்று சொல்லி அதைக் கொடுங்கள். நூறு அறிவுரைகளைவிட அது பயன்தரும்.

செய்யும் முறை

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே ஏற்றது. பழைய வேட்டி, புடவை, பனியன் துணி யாவும் பயன்படும். முதலில் துவைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள். சாயம் போவதும் துணி சுருங்குவதும் அப்போதே முடிந்துவிடும்.

துணியை நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு இரண்டாக மடித்து, மேலே பென்சிலால் பொம்மையின் உருவத்தை வரையுங்கள். 30 செ.மீ. உயரம் போதும். கையும் காலும் 5 செ.மீ. அகலத்திற்குக் குறையலாகாது, குறுகினால் தைத்தபின் புரட்ட வராது. கழுத்தும் அகலமாக இருக்கட்டும். மெலிந்த கழுத்து நாளடைவில் தொங்கிவிடும். வரைந்த கோட்டின்மேல் நெருக்கமான பின் தையல் இடுங்கள். விலாப்பக்கத்தில் 6 செ.மீ. அளவு தைக்காமல் விடவேண்டும். தையலுக்கு வெளியே ஒரு செ.மீ. விட்டு வெட்டி, கழுத்து, அக்குள், கால்களின் இடைப்பகுதி ஆகிய வளைவுகளில் தையலைத் தொடாமல் சிறு சிறு வெட்டுகள் கொடுங்கள். அப்போதுதான் புரட்டும்போது துணி சுருங்காது.

புரட்டியபின் இலவம் பஞ்சையோ, சுத்தமான புதுப்பஞ்சையோ, பொடியாக நறுக்கிய பனியன் துணியையோ சிறிது சிறிதாக அடையுங்கள். முதலில் கைகால்கள், பின்பு தலை, கழுத்து, இறுதியில் உடல். கழுத்தில் இறுக அடைப்பது இன்றியமையாதது. பழைய மெத்தைப் பஞ்சு வேண்டாம். அதிலுள்ள தூசு குழந்தைக்கு இழுப்பை உண்டாக்கக்கூடும். அடைத்து முடித்து வாயைத் தைத்தபின், தொடை உடலோடு சேரும் இடத்தில் குறுக்கே ஓட்டுத் தையல் ஒரு வரி இட்டால் பொம்மை உட்காரும்.

கைப்பாவை செய்வது இன்னும் எளிது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் விரித்துத் துணிமேல் வைத்து, சுற்றிலும் 3 செ.மீ. தள்ளி வரைந்து, இரு துண்டுகளாக வெட்டி இணைத்துத் தையுங்கள். அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். பஞ்சடைத்த சிறு பந்தைத் தலையாக்கி, அதன் கழுத்தில் அட்டைச் சுருள் ஒன்றைச் செருகித் தைத்தால் சுட்டுவிரல் அதனுள் புகும். மற்ற இரு விரல்களும் பாவையின் கைகளாகும். வாசற்படியின் குறுக்கே ஒரு புடவையைக் கட்டினால் அரங்கம் தயார். பேசும் பாவை மட்டுமே அசையவேண்டும், கேட்கும் பாவை அசையலாகாது என்னும் ஒரு விதியைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். யார் பேசுகிறார் என்பது பார்ப்போருக்கு விளங்கும். பத்துப் பேர் முன் வாய் திறவாத கூச்சமுள்ள பிள்ளை, திரைக்குப் பின்னின்று பாவையின் வாயால் தாராளமாகப் பேசும். நல்ல சமாரியன் உவமையை நான்கு கைப்பாவைகளைக் கொண்டு மறைக்கல்வி வகுப்பில் நடித்துப் பாருங்கள். பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள்.

கவனிக்க வேண்டியவை

மூன்று வயது நிரம்பாத குழந்தையின் பொம்மையில் பொத்தான், பாசிமணி, சலங்கை எதுவும் கூடாது. கழன்று வாயில் போனால் மூச்சுக்குழலை அடைத்து உயிருக்கே ஊறு நேரும். ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுவதும் அடங்கும் எப்பொருளும் இவ்வயதுக்கு ஆபத்து என்பது பொம்மைப் பாதுகாப்பு விதிகளின் கணக்கு. ஆகவே கண்ணையும் வாயையும் நூலாலேயே பூவேலையாகத் தைத்துவிடுங்கள். நீண்ட நாடாக்கள் கழுத்தைச் சுற்றக்கூடும்; அவற்றையும் தவிர்க்க வேண்டும். தைக்கத் தொடங்குமுன் ஊசிகளையும் குண்டூசிகளையும் எண்ணி, முடிந்தபின் மறுபடியும் எண்ணுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட சிசு உறங்கும்போது பஞ்சடைத்த பொம்மை எதையும் அருகில் வைக்கலாகாது.

விற்பனைக்காகச் செய்ய விரும்பும் மாதர் குழுக்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2021 ஜனவரி முதல் நாள் தொட்டு, நம் நாட்டில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவுசெய்த கைவினைஞர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எனவே விற்கும் முன் பதிவைப் பற்றி விசாரித்துக்கொள்வது நன்று.

கடலோரத்துச் சிறு பாவை

2004 டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், சுனாமிப் பேரலை நம் கடற்கரையைச் சூறையாடியதை எவரும் மறக்கவில்லை. பிள்ளைகளையும் கணவரையும் இழந்த மீனவப் பெண்கள் பித்துப் பிடித்தவர்போல் கடலை வெறித்து நின்றனர். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இயங்கும் உபாசனா என்னும் ஆடை நிறுவனம், சுற்றுவட்ட மீனவக் கிராமங்களின் பெண்களைக் கூட்டி, வெட்டி எறியும் துணித் துண்டுகளைக் கொண்டு விரலளவுப் பாவைகள் செய்யக் கற்றுத்தந்தது. சுனாமிகா என்று அவற்றுக்குப் பெயரிட்டனர். அவை விலைக்கு விற்கப்படாமல் அன்பளிப்பாகவே வழங்கப்பட்டன. பெற்றவர்கள் மனமுவந்து தந்த கொடையிலிருந்து செய்த பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது. ஒன்றுகூடி அமர்ந்து, பேசிக்கொண்டே தைத்த அந்தக் கைகள் அலையை நினைத்து நடுங்குவதிலிருந்து மெல்ல மீண்டன. தைக்கப்பட்டது பாவை மட்டுமன்று, கிழிந்த நெஞ்சங்களும்தான்.

அன்புப் பெற்றோரே! அடுத்த பிறந்த நாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ பொம்மைக் கடைக்குப் புறப்படுமுன், வீட்டுப் பெட்டியைத் திறந்து பழந்துணிகளைப் பாருங்கள். தாய் தைக்கட்டும், தந்தை வரையட்டும், பாட்டி கூந்தல் பின்னட்டும், குழந்தையே பஞ்சடைக்கட்டும். தையல் கோணலானால் கவலை வேண்டா. குழந்தை அதைக் குறையாகக் காணாது. அந்த மாலை வேளைகளில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் சற்று ஓய்வு பெறும். செய்து முடித்த பொம்மையைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அது அழுக்காகட்டும், கசங்கட்டும், கிழியட்டும். கிழிந்தால் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடியும் தையுங்கள். கிழிந்ததைத் தூக்கி எறியாமல் பொறுமையோடு சேர்த்துத் தைக்கும் கையை அருகிலிருந்து பார்த்து வளரும் பிள்ளை, நாளை மனித உறவுகளையும் அவ்வாறே பேணக் கற்றுக்கொள்ளும்.