நான்கு வட்டிக் கடன்

எங்கள் கரூர்ப் பக்கம் கடன் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை வட்டி?" என்றுதான். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி, மூன்று என்றால் மூன்று வட்டி. நான்கு வட்டி என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அதே ஆட்கள் கிரெடிட் கார்டு வாங்கும்போது இதைக் கேட்பதில்லை. பல கார்டுகளில் பாக்கி வைத்தால் மாதத்துக்கு மூன்றரை சதவீதம் வட்டி. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கூட்டினால் நான்கு வட்டியைத் தாண்டிவிடுகிறது.

வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அக்கம்பக்கத்தார் ஸ்டேட்மென்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தையல் யூனிட் சூப்பர்வைசர் ஒருவர் 60,000 ரூபாய் பாக்கியோடு வந்தார். "மாசம் தவறாமத்தான் கட்டறனுங்க்கா, கடன் அப்படியே நிக்குதுங்க" என்றார். அவர் கட்டியது மினிமம் டியூ, 3,000 ரூபாய். கணக்குப் போட்டுக் காட்டினேன். அறுபதாயிரத்துக்கு ஒரு மாத வட்டி 2,100. ஜிஎஸ்டி 378. ஆக, மூவாயிரத்தில் அசலுக்குப் போனது 522 ரூபாய். அந்த மாதமே ஆயிரம் ரூபாய்க்கு மளிகை வாங்கிக் கார்டைத் தேய்த்திருந்தார். கடன் எப்படிக் குறையும்?

பலருக்குத் தெரியாத விஷயம் இன்னொன்று. வட்டியில்லாத நாற்பத்தைந்து, ஐம்பது நாள் அவகாசம், போன பில்லை முழுசாகக் கட்டியவருக்குத்தான். பாக்கி இருந்தால், புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் அவரிடம் முதலில் சொன்னது, கார்டை நிறுத்துங்கள் என்று. போனில் ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்த கார்டு நம்பரையும் அங்கேயே அழிக்கச் சொன்னேன்.

அடுத்தது, கடனை இடம் மாற்றுவது. வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வையுங்கள். ஒரு வட்டிக்கோ அதற்குக் குறைவாகவோ கிடைக்கும். மாதம் 6,000 கட்டினால், கார்டுக் கடன் தீரப் பதினான்கு மாதம் ஆகும். வட்டியும் வரியுமாகச் சுமார் 19,000 ரூபாய் போகும். அதே தொகையை ஒரு வட்டி நகைக்கடனுக்குக் கட்டினால் பதினோரு மாதத்தில் முடியும். வட்டி 3,500 ரூபாய் அளவில்தான். நகையை அடகு வைப்பதை மானக்குறைவாக நினைக்கிறார்கள்; அப்படி ஒன்றுமில்லை. மாதாமாதம் கட்டும் உறுதி மட்டும் வேண்டும். இல்லாவிட்டால் நகையும் போய்விடும். நகை இல்லாதவர்கள், பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தரச் சொல்லிக் கார்டு கொடுத்த வங்கியைக் கேட்கலாம். வட்டியையும் பிராசசிங் கட்டணத்தையும் கேட்ட பிறகே சரி என்று சொல்லுங்கள்.

கடைக்காரரிடம் கார்டைத் தேய்த்து, கமிஷன் போக ரொக்கம் வாங்கி, இன்னொரு கார்டின் பில்லைக் கட்டும் பழக்கம் எங்கள் ஊரிலும் பரவிவிட்டது. தயவுசெய்து அதில் இறங்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் கமிஷன் சேர்ந்து கடன் பெருகுகிறது. கார்டு விதிகளுக்கும் அது புறம்பானது. இரண்டு மூன்று கார்டு இருந்தால், வட்டி அதிகமுள்ளதற்கு முடிந்ததையெல்லாம் கட்டுங்கள். மற்றவற்றுக்கு மினிமம் டியூ போதும்.

வட்டிக்குச் சட்டம் வரம்பு கட்டியிருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

பாக்கியைக் கட்டாமல் விட்டால், "பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிக்கலாம்" என்று வங்கித் தரப்பிலிருந்து போன் வரும். உண்மையிலேயே கட்ட வழியில்லாதவருக்குத்தான் அது. கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழுந்தால், பல வருடங்களுக்கு வீட்டுக்கடன் கிடைப்பது கஷ்டம். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. மீறினால் வங்கிக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

பாக்கி முழுதும் தீர்ந்ததும், வேண்டாத கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.