நல்கை யார் கைக்குச் சேர்கிறது?

பகுதி 7

திருப்பித் தரவேண்டிய கடனுக்கும், திருப்பித் தரத் தேவையில்லாத நல்கைக்கும் உள்ள வேறுபாட்டைச் சென்ற பகுதி விளக்கியது. அந்த நல்கை உழைக்கும் பெண்ணை நேரே சென்றடைகிறதா, குடும்பத் தலைவர் என்று பதிவான ஆணிடமே தங்கிவிடுகிறதா என்பதை, டென்மார்க் தமிழகத்தில் செய்த பணியைக் கொண்டு இப்பகுதி ஆராய்கிறது. செல்வ நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வளரும் நாடுகளுக்கு அளிக்க வேண்டும் என்று 1970இல் ஐ.நா. வகுத்த இலக்கை, 1978 முதல் எட்டிவரும் மிகச் சில நாடுகளுள் டென்மார்க் ஒன்று; அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் வளர்ச்சி உதவிப் பணிக்கு 'டானிடா' என்று பெயர்.

டானிடாவின் நல்கையில் 1986இல் தமிழக வேளாண்மைத் துறை தொடங்கிய மகளிர் வேளாண்மைத் திட்டம், 'டான்வா' என்று அறியப்பட்டது. நாற்று நடுவதும் களை எடுப்பதும் விதை காப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தும், வேளாண் அலுவலரின் ஆலோசனை ஆண்களுக்கே போய்க்கொண்டிருந்தது. ஆகவே பெண் வேளாண் அலுவலர்கள் ஊருக்கே சென்று, சிறு, குறு விவசாயப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கும் முறை வகுக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர், கற்றதைத் தம் ஊரில் மேலும் பத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது திட்டத்தின் உயிர்நாடி. 1993இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் அது மாநிலமெங்கும் விரிந்தது.

இத்தகைய பயிற்சியில் கைமாறும் அறிவு எளியது, செலவு குறைந்தது. உதாரணமாக, முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் விதைநெல்லைக் கொட்டி, மிதக்கும் பதரை அரித்து நீக்கி, அடியில் தங்கும் திரண்ட மணிகளை நல்ல தண்ணீரில் அலசி விதைத்தால், நாற்று சீராக எழும். இதற்குத் தேவை ஒரு முட்டையும் கொஞ்சம் உப்பும்தான். கற்ற பெண்ணிடமிருந்து இதை யாரும் பறிக்க முடியாது.

2003இல் இந்தியா, சில பெரிய நாடுகள் தவிர மற்ற அரசுகளிடம் புதிய நேரடி உதவி பெறுவதில்லை என்று முடிவெடுத்தது. டான்வாவும் அவ்வாண்டோடு முடிந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, 1620 முதல் 1845 வரை டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியையும் தாக்கியபோது, இந்தியா அயல் அரசுகளின் நேரடி நிவாரணத்தை ஏற்கவில்லை. வெளிநாட்டு நல்கை பெரிதும் தொண்டு நிறுவனங்கள் வழியாகவே கடற்கரைக்கு வந்தது. இழந்த படகுக்கும் வலைக்கும் ஈடு வழங்கியபோது அவற்றின் உரிமையாளரான ஆண்கள் பட்டியலில் இடம்பெற்றார்கள். கரையில் மீனை ஏலத்தில் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்ற பெண்களுக்கோ, அழிந்துபோன கைமுதலை நிரூபிக்க ஒரு சீட்டும் இல்லை.

இதற்கு மாறாக, ஆழிப்பேரலையில் வீடிழந்தோருக்குக் கட்டித்தரும் புதிய வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்று 2005இல் தமிழக அரசு பிறப்பித்த ஆணை, பெண்ணை உரிமையாளராக ஏற்றது. டான்வா அறிவைக் கொடுத்தது, இந்த ஆணை உரிமையைக் கொடுத்தது. இரண்டும் பெண்ணைப் பெயர் சொல்லிக் கணக்கில் எடுத்ததனால்தான் பயன் அவரிடம் நின்றது. பேரிடர் நிவாரணத்தின் முதல் பட்டியலிலேயே மீன் விற்பவரும் நாற்று நடுபவரும் தொழிலாளராகப் பதிவாக வேண்டும். அப்பதிவு இல்லாத இடத்தில், நல்கை எவ்வளவு பெரியதாயினும் முன்பே உடைமை உள்ளவருக்கே போய்ச் சேரும்.

(தொடரும்)