விமானம் கட்டுவோர் மன்றம்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கடைசல் பட்டறையில் சோதனையாளனாகப் பல்லாண்டுகள் இருந்தவன் நான். உருளையைக் கடைபவன் ஒருவன்; அளவு சரியென்று முத்திரையிடுபவன் வேறொருவன். பட்டறை வழக்கம் அது. ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு மாணவர்களைக் கூட்டி, மாதிரி விமானம் கட்டும் சிறு மன்றமொன்றைத் தொடங்கியபோது, அந்த வழக்கத்தைப் பட்டறை வாயிலிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

தம் முயற்சியால் விமானம் கட்டும் ஆசை சென்னைக்குப் புதிதன்று. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 டிசம்பரில். ஏழாண்டுகள் நிறைவதற்குள், 1910 மார்ச்சில், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் என்பவர் தாமே வகுத்த அமைப்பில் ஒரு விமானத்தைச் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். ஹோட்டல்காரருக்கு விமானம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கோ அவரைவிட அதைக் கட்டிக் கொடுத்த சிம்சன் கம்பெனியின் தொழிலாளர்மேல்தான் நாட்டம் அதிகம். அவர்கள் வண்டி கட்டுவதில் பேர்போனவர்கள். எடை மிகாமல் மரத்தை வலுவாகப் பொருத்துவது அவர்களுக்குக் கைவந்த கலை. அக்காலத்து விமானமும் மரமும் துணியும் கம்பியுந்தானே!

அமெரிக்காவில் 1953-ல் பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். ஆள் ஏறிச் செல்லும் விமானங்களையே வீட்டுக் கொட்டகையில் கட்டுவோரின் சங்கம் அது. இன்று ஊர்தோறும் அதற்குக் கிளைகள் உண்டு. கட்டுபவரின் வீட்டுக்கு அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் ஊதியம் வாங்காமல் வந்து, இறக்கையை மூடுவதற்கு முன்பே அதன் உள்ளமைப்பைப் பார்வையிடுவார். மூடிய பின் வந்து என்ன பயன்? நம் நாட்டில் மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ் மொட்டைமாடியில் கட்டிய விமானம், அவர் பல ஆண்டுகள் அலைந்த பிறகு, 2017-ல் அரசுப் பதிவு பெற்றது.

எங்கள் முயற்சி அவ்வளவு பெரிதன்று. ஆயினும் நினைத்த இடத்தில் பறக்கவிட இயலாது. 2021-ஆம் ஆண்டின் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்திருக்கின்றன. ஆவடியிலோ போர் ஊர்தித் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் உள்ளன. ஆகவே வரைபடத்தைப் பார்த்து, பூந்தமல்லிக்கு மேற்கே அறுவடை முடிந்த வயல்களுக்குப் போவோம்.

அங்கேதான் அது நடந்தது. ஒரு மாணவன் நான்கு மாதம் உழைத்து, ஐந்தடி இறக்கையுள்ள விமானம் ஒன்றைக் கட்டியிருந்தான். அன்று காலை இறக்கையின் நடுச்சட்டத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன்; இணைப்பு சற்றே நெகிழ்ந்தது. பசையின் இரு பகுதிகளும் சரியான விகிதத்தில் கலக்கவில்லை போலும். ஆனால் அவன் தாயார் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார், தெருவே திரண்டிருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

பறக்கையில் விமானத்தின் எடையை இறக்கைதான் தாங்குகிறது. நடுச்சட்டத்தின் மேற்புறம் நெருக்குண்ணும், அடிப்புறம் இழுபடும். திரும்பும்போது இச்சுமை கூடும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் சுமை சரியாக இரு மடங்கு! நேராகப் பறந்தவரை தாங்கிய இணைப்பு, மூன்றாம் திருப்பத்தில் விட்டது. இறக்கை மேல்நோக்கி மடிந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்குப் பத்தடி தள்ளி, பாட்டரியும் மோட்டாரும் மண்ணில் ஒரு சாண் புதைந்தன. யாருக்கும் காயமில்லை.

“சார், உங்களுக்கு முன்பே தெரியுமா?” என்று அவன் கேட்டான்.

“தெரியும்” என்றேன்.

அவன் அடுத்த இரண்டு ஞாயிறுகளும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தான். அன்று முதல் யார் கட்டியதையும் மற்றொருவரே சோதிக்கிறார். அவர் வேண்டாமென்றால் அன்று அது பறக்காது. எவ்வளவு கூட்டம் காத்திருந்தாலும் சரி. இதனால் சிலர் கோபித்துக்கொண்டு விலகியதும் உண்டு.

சென்ற மாதம் என் விமானத்தையே எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தடுத்துவிட்டாள். இறக்கையின் அடியில் இரு விரல்களைக் கொடுத்துத் தூக்கினாள், வால் தாழ்ந்தது. மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறந்தாலும் கைக்கு அடங்கும். வால் கனத்ததோ சிறு அசைவையும் பெரிதாக்கிக்கொண்டு கட்டு மீறும். “ஈயம் வைத்துக்கொண்டு வாருங்கள், சார்” என்றாள். நானும் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்குப் பஸ் ஏறினேன்.